அபராதத்தோடு முடிவதில்லை: புதிய ஓட்டுநர்கள் அறிய வேண்டியவை

வீட்டிற்கு முதல் கார் வரும் நாள் மகிழ்ச்சிக்குரியது. வங்கிக் கடனும் பதிவுச் சான்றிதழும் தந்தையின் பெயரில் இருக்கும். ஓட்டுபவரோ, அண்மையில் உரிமம் பெற்ற மகனாகவோ மகளாகவோ இருப்பார். சாலையில் அவர் காட்டும் ஒரு நொடி அவசரம் குடும்பச் சேமிப்பை எங்ஙனம் பாதிக்கும் என்பதை இங்கு காண்போம்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 184ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. சிவப்பு விளக்கை மீறுதல், கைப்பேசியைக் கையில் ஏந்தியபடி ஓட்டுதல், எதிர்த்திசையில் செல்லுதல் ஆகியவையும் இதில் அடங்கும். திறமையும் கவனமும் உள்ள ஓர் ஓட்டுநர் எப்படி ஓட்டுவாரோ, அதுவே சட்டத்தின் அளவுகோல். பழகி ஒரு மாதமே ஆயிற்று என்பது சலுகைக்குரிய காரணமன்று.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் குற்றத்திற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமம் 3 மாதங்களுக்குத் தகுதியிழக்கவும் கூடும். கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு.

அபராதத்தினும் பெரிய சுமை

பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. முறையான உரிமம் உள்ளவர் விபத்து ஏற்படுத்தினால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் வழங்கும். உரிமம் இல்லாதவரிடம் உரிமையாளர் அறிந்தே சாவியைக் கொடுத்திருந்தால் நிலைமை மாறிவிடும். நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டோருக்குப் பணம் செலுத்தி, பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். சுவரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இந்நெறியை விளக்கியது. குடும்பத் தலைவர் ஒருவரின் உயிரிழப்புக்கான இழப்பீடு, காரின் விலையைப் பன்மடங்கு விஞ்சக்கூடும். அத்தொகைக்கு வீடும் வைப்புத்தொகையும் பொறுப்பாக நேரிடும்.

ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவராயின், 199ஏ பிரிவின்கீழ் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

வாகனம் காவல் நிலையத்தில் நின்றாலும் கடனின் மாதத் தவணை நிற்பதில்லை. ஐந்தாண்டு விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த 50 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸும், சொந்த வாகனச் சேதத்திற்கு ஒருமுறை இழப்பீடு கோரினால் பொதுவாகப் பறிபோகும்.

நாம் செய்யத்தக்கவை

• சாவியைக் கொடுக்குமுன், அந்த வகை வாகனத்திற்கு உரிமம் உள்ளதா, நடப்பில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
• பழகுநர் உரிமத்துடன் கார் ஓட்டுகையில் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ பலகை இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற பயிற்றுநர் அருகில் அமர வேண்டும்.
• காப்பீட்டைக் காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க வேண்டும்.
• விபத்து நேர்ந்தால் அகன்றுவிடலாகாது. காயமுற்றோருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, காவல் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவிப்பது சட்டக் கடமை.

பிள்ளைகளுக்கு வாகனம் வாங்கித் தருவதில் நாம் காட்டும் ஆர்வத்தைப் பொறுமையாக ஓட்டப் பழக்குவதிலும் காட்டுவோம். காப்பீடு பணத்தை மட்டுமே ஈடுசெய்யும். போன உயிரை மீட்டுத் தராது.