நிலைபேசியும் கைபேசியும் ஒன்றாதல்

தொலைவிலுள்ளாரோடு உரையாட வேண்டுமென்னும் வேட்கை மக்களுக்கு இயற்கையாயுள்ளது. அவ்வேட்கையை நிறைவேற்றுதற்கு விஞ்ஞானியர் இருவழி கண்டனர். ஒன்று கம்பிவழி, மற்றொன்று வான்வழி. 1876-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் என்பார் கம்பியின் வழியே குரலைச் செலுத்திக் காட்டினார். 1973-ஆம் ஆண்டு ஏப்பிரல் 3-ஆம் நாளில் மார்ட்டின் கூப்பர் என்பார் நியூயார்க்கு நகர வீதியில் நின்று, கையிலேந்திய கருவியாற் பேசினார். தோற்றத்தில் வேறாகிய இவ்விரு வழிகளும் இந்நாளில் ஒன்றாகி வருகின்றன. அஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும், பிரித்தானிய நாட்டின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கைபேசியிற் பேசும் பேச்சு முழுதும் ஆகாய வழியே செல்கின்றதென்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. கருவியினின்றும் புறப்படும் அலையானது அண்மையிலுள்ள கோபுரத்தை அடையுந்துணையுமே வான்வழிச் செல்லும். அப்பால் அது பெரும்பாலும் நிலத்தடியிற் புதைத்த ஒளியிழைகளின் வழியாகவே ஓடும். நிலைபேசியின் பேச்சும் இந்நாளில் அத்தகைய இழைகளிலேயே செல்கின்றது. இரண்டும் எண்களாக மாற்றப்பட்டுச் சிறு சிறு பொதிகளாகவே அனுப்பப்படுகின்றன. ஆகவே ஏரி ஒன்று. அதினின்று பிரியும் வாய்க்கால்களே இரண்டு. வேறுபாடு கடைசிச் சிறு தொலைவில் மாத்திரமே உள்ளது என்க.

இவ்வொருமைப்பாடு மூவகைப்படும். ஒரே கருவி வீட்டிலும் வெளியிலும் பயன்படுதல் முதலாவது. ஒரே வலையமைப்பு இருவகைச் சேவையையும் சுமத்தல் இரண்டாவது. ஒரே கம்பெனி இரண்டையும் விற்று ஒரே கணக்கிற் கட்டணம் பெறுதல் மூன்றாவது. இம்மூன்றும் ஒருங்கே தோன்றியன அல்ல.

பிரித்தானியாவில் பி.டி. என்னும் பெரிய தொலைபேசிக் கம்பெனி, 2001-ஆம் ஆண்டில் தன் செல்பேசிப் பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. பின்னர் 2005-ஆம் ஆண்டில் பி.டி. பியூஷன் என்னும் சேவையைத் தொடங்கியது. அதன்கண் ஒரே கருவி, வீட்டினுள் இருக்குங்கால் புளூடூத் வழியாக வீட்டு இணைய இணைப்பைப் பற்றிக்கொள்ளும். வெளியே சென்றக்கால் வோடபோன் கம்பெனியின் கோபுரங்களைப் பற்றிக்கொள்ளும். பேச்சு இடையறாது ஒன்றினின்று மற்றொன்றிற்கு மாறும். இதற்கென இடையில் நிறுவிய ஒரு பொறி, வீட்டினின்று வரும் பேச்சை வாங்கி, அது கோபுரத்தினின்று வந்ததே போல வலையமைப்பிற்குக் காட்டும். இதுவே அதன் நுட்பம்.

ஆயினும் அச்சேவை நீடிக்கவில்லை. அதற்கென அமைந்த சில கருவிகளையே மக்கள் வாங்க வேண்டியிருந்தது. செல்பேசிக் கட்டணமும் நாளடைவிற் குறைந்துவந்தது. எனவே 2009-ஆம் ஆண்டில் புதிய சந்தாதாரரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. சேவை மறைந்தது, கருத்தோ மறைந்திலது. வைஃபை வழியே செல்பேசி எண்ணிற் பேசும் வசதி பின்னர்ச் சாதாரணக் கைபேசிகளிலேயே அமைந்துவிட்டது. நம் நாட்டிலும் 2019 டிசம்பரில் ஏர்டெல்லும், 2020 ஜனவரியில் ஜியோவும் அதனைத் தொடங்கின. பி.டி. கம்பெனியும் 2016-ஆம் ஆண்டில் 1,250 கோடி பவுன் விலைக்கு ஈ.ஈ. என்னும் செல்பேசிக் கம்பெனியை வாங்கியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிரித்ததனைப் பெரும்பொருள் கொடுத்து மீண்டும் சேர்க்க நேர்ந்தமை சிந்திக்கற்பாலது.

இனி, இதன்கண் உள்ள இடரையும் நோக்குவாம். பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் இணைப்பகத்தினின்றே கம்பிவழி வந்தது. ஆதலின் வீட்டில் விளக்கணைந்தபோதும் தொலைபேசி பேசிற்று. இணையவழித் தொலைபேசியோ வீட்டு மின்சாரத்தையே நம்பியிருப்பது. 2021 நவம்பரில் ஆர்வென் என்னும் புயல் பிரித்தானியாவைத் தாக்கியபோது, பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இல்லங்கள் மின்சாரமிழந்தன. அவற்றுட் சில ஆயிரம் ஒரு வாரத்திற்கு மேலும் இருளிற் கிடந்தன. மின்சாரம் நெடுநேரம் அற்றவிடத்துச் செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடும். இரு வாய்க்கால்களும் ஒரே ஏரியை நம்பியிருப்பின், ஏரி வற்றுங்கால் இரண்டும் வற்றுமன்றோ?

இவ்விடர் முதியோரையே மிகுதியும் தாக்குவது. தனித்து வாழும் முதியோர் பலர், கழுத்திலணிந்த சிறு பொறியை அழுத்தி, தொலைபேசி இணைப்பின் வழியே உதவி கோருவர். புதிய இணைப்பிற்கு மாற்றியபின் அப்பொறிகள் சில பயன்படாமற் போயின. அதனால் 2023 டிசம்பரில் கம்பெனிகள் வற்புறுத்தி மாற்றுவதை நிறுத்திவைத்தன. 2025-ஆம் ஆண்டின் இறுதியிற் பழைய வலையமைப்பை மூடுவதாக இருந்த திட்டமும், 2024-ஆம் ஆண்டில் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மின்சாரம் நின்ற பின்னரும் அபாய அழைப்புக்கு ஒரு மணி நேரமேனும் வழி இருத்தல் வேண்டுமென்று அந்நாட்டு ஆப்காம் என்னும் ஆணையம் வகுத்துள்ளது. ஒரு வாரம் நீடித்த இருளுக்கு ஒரு மணி நேரம் போதுமா என்பது கேட்கத்தக்க வினா.

ஒன்றாக்குதல் செலவைக் குறைக்கும், வசதியைப் பெருக்கும். இதனை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் பழையதொன்றை நீக்குமுன், அது சொல்லாமற் செய்துவந்த உதவி யாதென ஆராய்தல் கற்றோர் கடனாம். பொறியியல் பயிலும் மாணவர், தாம் அமைக்கும் கருவி வலியார் கையில் விரைவாகப் பேசுகின்றதா என்பதனோடு அமையாது, எளியார் ஒருவர் நள்ளிரவில் அழைக்குங்கால் அது விடை தருமா என்பதனையும் அளந்தறிதல் வேண்டும். அவ்வழைப்பைக் கேட்பிக்கும் கலையே நிறைந்த கலையென்று கொள்க.