ஆடுவோர் ஆக்கிய இசை: இலத்தீன் அமெரிக்காவின் ஒரு பத்தாண்டு (1950–1960)

இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பாடல் இயற்றியவரையும் பாடியவரையும் மட்டுமே குறிப்பர். கேட்டவரைக் குறிப்பது அரிது. ஆடியவரை நினைப்பது அதனினும் அரிது. ஆனால் ஆடலுக்கென்றே பிறந்த இசையில் ஆடுபவர் வெறும் சுவைஞர் அல்லர். அவரும் அந்த இசையை ஆக்குவோருள் ஒருவர். இக்கருத்தை நிறுவுவதற்கு, 1950 முதல் 1960 வரை கியூபாவிலும் நியூயார்க்கிலும் வளர்ந்த ஆடல் இசையைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்பொருளை நம் மன்ற இதழில் எழுதுவானேன் என்று வினவும் நண்பர் இருக்கலாம். நம் பழைய திரைப்படப் பாடல்களில் பாங்கோவும் மராக்காவும் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வோசை எந்த மக்களின் வாழ்விலிருந்து வந்தது என்று அறியாமலே கேட்டிருக்கிறோம். அறிந்து கேட்டால் இன்பம் குறையாது, மிகும்.

நிலமும் மக்களும்

இலத்தீன் இசை என்பது ஓர் இசையின் பெயரன்று. ஸ்பானிய மொழியும் போர்த்துகீசிய மொழியும் வழங்கும் அமெரிக்க நாடுகள் பலவற்றின் இசைகளுக்கு இட்ட பொதுப்பெயர் அது. நாம் எடுத்துக்கொண்ட பத்தாண்டில் அவற்றுள் முன்னின்றது கியூபாவின் இசை.

கியூபாவில் ஐரோப்பியரின் பாட்டும் நரம்புக் கருவியும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பறையும் தாளமும் ஒன்றோடொன்று கலந்தன. அங்கு அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1886-ஆம் ஆண்டில்தான். ஆகவே 1950-இல் மேடையேறிய கறுப்பினக் கலைஞர் பலருக்கு அடிமை வாழ்வு ஏட்டில் படித்த செய்தியன்று. பாட்டனும் பாட்டியும் சொல்லக் கேட்ட செய்தி. ஆடல் மன்றங்களும் நிறத்தால் பிரிந்தே இருந்தன. வெள்ளையர்க்கு ஒரு மன்றம், கலப்பினத்தார்க்கு ஒன்று, கறுப்பர்க்கு ஒன்று என்பதே வழக்கம். இசை கலந்தது, அதற்கு ஆடிய மக்கள் கலக்கவில்லை. இம்முரண்பாட்டை மனத்திற் கொண்டே மேலே செல்ல வேண்டும்.

கிளாவே என்னும் அச்சாணி

கியூப இசையின் அச்சாணி 'கிளாவே' எனப்படும் தாளக்கட்டு. கையளவுள்ள இரண்டு மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து தட்டுகளே அது. நண்பர்கள் இதனைக் கையால் தட்டிப் பார்க்கலாம். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைகளையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் 16 வரும். அந்தப் பதினாறில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் தட்டுங்கள். முதற் பாதியில் மூன்று தட்டு, பிற்பாதியில் இரண்டு தட்டு. இடைவெளிகள் 3, 3, 4, 2, 4 என அமையும். முதற் பாதி முன்னே இழுக்கும்; பிற்பாதி நிலைநிறுத்தும். இந்த இழுப்பும் நிறுத்தமுமே காலை எழுப்புகின்றன. குச்சிகள் ஒலிக்காத இடத்திலும் வாசிப்போர் இக்கட்டினை மனத்துள் கொண்டே வாசிப்பர்.

மாம்போவின் எழுச்சி

மாம்போவை உண்டாக்கியவர் யார் என்பது நெடுநாளைய வழக்கு. அதற்கு ஒரே பெயரை விடையாகக் கூறுதல் தவறு என்பது என் கருத்து. 1879-இல் மத்தான்சாஸ் நகரில் தோன்றிய 'தன்சோன்' என்னும் அமைதியான இணையாடல் இதன் மூதாதை. 1938-இல் ஓரெஸ்தெஸ் லோபெஸ் என்பார் 'மாம்போ' என்ற பெயரிலேயே ஒரு தன்சோன் இயற்றினார். தன்சோனின் இறுதிப் பகுதியைத் தாளம் மிகுந்ததாக மாற்றியதில் அவருக்கும், அவர் தம்பி 'கச்சாவோ' லோபெஸுக்கும் பெரும் பங்கு உண்டு. கண்பார்வை இழந்த அர்செனியோ ரொட்ரீகெஸ், கொங்கா என்னும் நீண்ட பீப்பாய்ப் பறை, பியானோ, எக்காளங்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் தம் குழுவைப் பெருக்கி, 1940-களில் மற்றொரு வழியில் அதே இடத்தை நோக்கி வந்தார்.

எனினும் மாம்போவை உலகறியச் செய்தவர் மத்தான்சாஸில் 1916-இல் பிறந்த பெரெஸ் பிராடோ. அவர் மெக்சிகோ சென்று, அங்கே 1949-இல் 'மாம்போ எண் 5' முதலிய இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். எக்காளங்கள் உச்சத்தில் வீறிட, சாக்ஸபோன்கள் கீழே ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்க, இடையிடையே அவரே உறுமுவார். அக்காலத்து 78 சுழல் தட்டில் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ 3 நிமிடமே இடம் இருந்தது. ஆடலரங்கில் ஆடுவோர் விரும்பும்வரை நீண்டு செல்லும் இசையை அந்தச் சிறு வட்டத்துள் அடக்க வேண்டியிருந்தது. அதற்கேற்பக் கூர்மையும் அதிர்ச்சியும் நிறைந்த வடிவத்தைப் பிராடோ அமைத்தார்.

1955-இல் அவருடைய 'செர்ரி பிங்க்' என்னும் இசைத்தட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் 10 வாரம் முதலிடத்தில் நின்றது. ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மெட்டே அதற்கு அடிப்படை. 1958-இல் 'பத்ரீசியா'வும் அங்கே முதலிடம் பெற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் இசை மெல்ல மென்மையடைந்ததைக் கேட்போர் உணரலாம்.

பல்லேடியம் என்னும் ஆடலரங்கு

நியூயார்க்கின் பிராட்வே தெருவில், 53-ஆம் தெரு கூடும் இடத்தில், 'பல்லேடியம்' என்ற ஆடலரங்கு இருந்தது. வணிகம் மந்தமாகவே, 1940-களின் இறுதியில் அங்கே இலத்தீன் இசைக்குழுக்களை அமர்த்திப் பார்த்தனர். கூட்டம் அலைமோதியது. அதன்பின் மச்சீத்தோ, தீத்தோ புவென்தே, தீத்தோ ரொட்ரீகெஸ் என்னும் மூவரின் குழுக்களும் அங்கே போட்டியிட்டு வாசித்தன.

மச்சீத்தோ 1940-இல் தொடங்கிய குழுவின் பெயரை நோக்குங்கள்: 'ஆப்பிரிக்கக் கியூபர்'. கறுப்பு நிறத்தை மறைத்தே பிழைக்க வேண்டியிருந்த காலத்தில், தம் முன்னோரின் கண்டத்தைப் பெயரிலேயே பொறித்துக்கொண்டது சிறிய செயலன்று. அக்குழுவின் இசையமைப்பை நடத்திய மாரியோ பவுசா, கியூபத் தாளத்தையும் கறுப்பின அமெரிக்கரின் ஜாஸ் இசையையும் ஒன்றாக இணைத்தார்.

தீத்தோ புவென்தே 1923-இல் நியூயார்க்கில் போர்ட்டோ ரீக்கோப் பெற்றோர்க்குப் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பி, ஜூலியார்டு இசைப்பள்ளியில் பயின்றார். பின்வரிசையில் இருந்த 'திம்பாலே' என்னும் இரட்டைப் பறையை மேடையின் முன்னே கொண்டுவந்து நின்றுகொண்டு வாசித்தார். அவருடைய 'டான்ஸ் மேனியா' இசைத்தட்டு 1958-இல் வெளிவந்தது.

போர்ட்டோ ரீக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். 1950-களில் அத்தீவிலிருந்து 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமெரிக்காவிற்குப் பிழைப்பு நாடிச் சென்றனர். அவருட் பெரும்பாலோர் நியூயார்க்கில் தங்கினர். வாரமெல்லாம் தொழிற்சாலையிலும் உணவுவிடுதியிலும் உழைத்தவர்க்குப் பல்லேடியம் தலைநிமிரும் இடமாயிற்று. அவர்களோடு இத்தாலியரும் யூதரும் கறுப்பரும் அங்கே வந்து ஆடினர். புதன்கிழமைகளில் ஆடல் வகுப்பும் நடந்தது. புகழ்பெற்ற ஆடலிணையான 'கியூபன் பீட்', மில்லி டோனே ஆகியோருள் ஆடவர் போர்ட்டோ ரீக்கோ மரபினர். பெண் இத்தாலிய மரபினர். பிறிதோரிடத்தில் ஒரே மேசையில் அமரத் தயங்கியவர்கள் இங்கே கைகோத்து ஆடினர். யார் நன்றாக ஆடுகிறார் என்பதே அங்கு வினா. யார் மகன், யார் மகள் என்பதன்று.

சா-சா-சா: எளிமையின் பிறப்பு

இனி, என் கருத்திற்கு முதன்மையான சான்றுக்கு வருகிறேன். ஹவானாவில் 'ஒர்க்கெஸ்தா அமெரிக்கா' என்ற குழுவில் வயலின் வாசித்தவர் என்ரிக்கே ஹோரின். அக்குழு 'சராங்கா' வகையைச் சேர்ந்தது. புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, பறைகள், சுரைக் குடுக்கையில் கீறலிட்டுக் குச்சியால் உரசும் 'குயிரோ' ஆகியவை சராங்காவின் கருவிகள்.

ஹோரின் வாசித்துக்கொண்டே ஆடுவோரின் கால்களைக் கவனித்தார். புதிய தன்சோனிலும் மாம்போவிலும் மெட்டின் அழுத்தம் தட்டின்மீது விழாமல் முன்னும் பின்னும் விழுந்தது. நம் இசை நூலார் எடுப்பைச் சமம், அதீதம், அனாகதம் என்று வகுப்பதை நினைத்துக்கொண்டால் இதனை எளிதில் உணரலாம். தேர்ந்தவர் ஆடினர், மற்றவர் தடுமாறினர். ஆகவே அழுத்தம் பெரும்பாலும் தட்டின்மீதே விழும்படி அவர் மெட்டுகளை அமைத்தார். தேர்ந்த பாடகர் இல்லாக் குறையைப் போக்க, வாசிப்போர் அனைவரையும் ஒரே குரலில் சேர்ந்து பாடச் செய்தார். அரங்கினர் இரண்டு மெதுவான அடியும் மூன்று விரைவான அடியுமாக ஆடத் தொடங்கினர். அம்மூன்று அடியில் காலணிகள் தரையில் உரசிய ஓசையே 'சா-சா-சா' என்று பெயராயிற்று. 1953-இல் வெளிவந்த 'லா எங்கன்யதோரா' என்னும் அவருடைய இசைத்தட்டு கியூபா முழுவதும் பரவியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மெக்சிகோவும் நியூயார்க்கும் சா-சா-சா ஆடின.

ஓர் இசை வகைக்குப் பெயர் வைத்தவர்கள் ஆடியவர்களின் கால்கள்! புலவரோ வணிகரோ அல்லர். இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

எளிமையாக்கினால் கலை தாழும் என்பாரும் உளர். அவர்கள் அரகோன் குழுவைக் கேட்க வேண்டும். 1939-இல் சியென்ஃபுவேகோஸ் நகரில் தோன்றிய அக்குழுவில் ரிச்சர்ட் எகுவெஸ் புல்லாங்குழல் வாசித்தார். மளிகைக் கடைக்காரரைப் பற்றி அவர் இயற்றிய 'எல் பொதெகேரோ' என்னும் பாட்டை அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் 1958-இல் ஸ்பானிய மொழியிலேயே பதிவு செய்தார். அரகோன் குழுவின் வாசிப்பில் ஆடுவோர்க்குரிய தாளம் நேராக நடக்கிறது. அதன்மேல் புல்லாங்குழல் தன் விருப்பப்படி பறக்கிறது. தரை எளிதாயிற்று, வானம் குறுகவில்லை.

இதற்கு மாறான எளிமையும் அக்காலத்தில் இருந்தது. 1954-இல் மாம்போ என்ற சொல்லுக்கு அமெரிக்கச் சந்தையில் விலை ஏறவே, 'பாப்பா லவ்ஸ் மாம்போ', 'மாம்போ இத்தாலியானோ' முதலிய பாட்டுகள் வந்தன. அவை கேட்க இனியவையே. ஆயினும் அவற்றில் பெயர் மிகுதி, மாம்போ குறைவு. ஹோரின் எளிமையாக்கியது எதிரே ஆடிய மக்களுக்காக. இவை எளிமையாக்கியது விற்பனைக்காக. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

பிற தீவுகளில்

போர்ட்டோ ரீக்கோவில் 1954-இல் ரஃபாயேல் கொர்த்திஹோ தொடங்கிய குழுவும், அதன் பாடகர் இஸ்மாயில் ரிவேராவும், உழைக்கும் கறுப்பு மக்களின் 'போம்பா', 'பிளேனா' என்னும் இசைகளைத் தொலைக்காட்சிவரை கொண்டுசென்றனர். பக்கத்துத் தொமினிக்கக் குடியரசிலோ நிலைமை வேறு. 1930 முதல் 1961-இல் கொல்லப்படும்வரை ஆண்ட கொடுங்கோலன் த்ருஹியோ, 'மெரெங்கே' ஆடலைத் தன் புகழ்பாடும் கருவியாக்கினான். மக்களின் ஆடலை மக்களும் உயர்த்தலாம். ஆள்வோன் பறித்துக்கொள்ளவும் செய்யலாம்.

பத்தாண்டின் முடிவு

1959-ஆம் ஆண்டின் முதல் நாள் கியூபாவில் புரட்சி வென்றது. அவ்வாண்டே எதுவார்தோ டேவிட்சன் இயற்றிய 'லா பச்சாங்கா' ஹவானாவிலிருந்து கிளம்பி நியூயார்க்கைப் பிடித்தது. அதன்பின் வழி அடைபட்டது. 1961-இல் இரு நாட்டு உறவும் முறிந்தது. 1962-இல் அமெரிக்கா கியூபாவோடு வணிகத்தை அறவே நிறுத்தியது. இசைத்தட்டும் இசைவாணரும் முன்போல் வந்து போக இயலவில்லை.

1950-இல் சொனோரா மத்தான்செரா குழுவில் சேர்ந்து புகழ்பெற்ற செலியா குரூஸ், 1960 ஜூலையில் குழுவோடு மெக்சிகோ சென்றார். நாடு திரும்பி வாழவில்லை. 1962-இல் தாய் இறந்தபோதும் அவரைக் கியூப அரசு உள்ளே விடவில்லை. தம் 'பண்டா ஹிகாந்தே' குழுவோடு நாட்டிலேயே தங்கிய பெரும் பாடகர் பென்னி மொரே 1963-இல் இறந்தார். பல்லேடியம் 1966-இல் மூடப்பட்டது. ஆனால் அதன் தரையில் பழகிய கால்கள் ஓயவில்லை. 1964-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தின் வழியே, 1970-களில் 'சல்சா' என்ற பெயரில் அவ்விசை மீண்டும் எழுந்தது.

நாம் கொள்ளத்தக்கது

இப்பத்தாண்டின் வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் பாடம் ஒன்றே. ஒரு கலை எளிதாகிவிட்டது என்று யாரேனும் குறை கூறினால், உடனே ஆம் என்று தலையசைக்க வேண்டா. யாருக்காக எளிதாயிற்று என்று முதலில் கேட்போம். தரையில் தடுமாறியவரும் ஆட்டத்தில் சேர்வதற்காக எளிதானால், அது கலையின் தாழ்வன்று, கலையின் அறம். பெயரை மட்டும் விற்பதற்காக எளிதானால், அதனை இகழ்வதில் தவறில்லை. இந்த வேறுபாட்டை அறியும் செவியே இசை கற்பவர்க்கு முதலில் வேண்டுவது.