தடைக்காலத்தில் படகு பேட்டரி: வாழ்வோடு இணைந்த மின்னியல் பாடம்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளோடு அவற்றின் பேட்டரிகளும் சும்மா இருக்கும். தடை முடிந்த நாளில் எஞ்சின் கிளம்பாமல் புது பேட்டரி வாங்க நேர்ந்தால், இரண்டு மாதம் வருமானமின்றி இருந்த குடும்பத்திற்கு அது பெரும் சுமை. கடலோர அரசுப் பள்ளியில் பணியாற்றும் நான், ஒன்பதாம் வகுப்பு மின்னோட்டப் பாடத் திருப்புதலில் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படைக் கருத்து

12 வோல்ட் பேட்டரியில் ஆறு காரீய அமிலக் கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது மறையும். வாரக்கணக்கில் விட்டால் பெரிய, கடினமான படிகங்களாகி மின்னேற்றத்திற்கு இணங்காது. பேட்டரியின் ஆயுள் குறைய இதுவே முக்கியக் காரணம்.

செயல்பாடு 1: கணக்கிடுதல்

அணைத்த பிறகும் படகின் கருவிகள் 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தால் 61 நாளில் எவ்வளவு இழப்பு?

0.05 × 24 × 61 = 73.2 ஆம்பியர் மணி

100 ஆம்பியர் மணி பேட்டரியில் முக்கால் பங்கு போய்விடும்! கம்பியைக் கழற்றி வைத்தால் தன் மின்னிறக்கம் மட்டுமே. அது 25 டிகிரி செல்சியஸில் மாதம் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுமார் இரு மடங்கு. எங்கே வைக்கலாம் என்று மாணவர்களையே கேளுங்கள். "நிழலில், காற்றோட்டமான இடத்தில்" என்று அவர்களே சொல்வார்கள்.

செயல்பாடு 2: அளத்தல்

மின்னேற்றம் முடிந்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளக்க வேண்டும்.

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும்: முழுமை
12.4 வோல்ட்: சுமார் முக்கால் பங்கு, மின்னேற்ற வேண்டும்
12.2 வோல்ட்: சுமார் பாதி, தாமதிக்கக் கூடாது

வீட்டிற்குச் சொல்ல வேண்டியவை

• முழுமையாக மின்னேற்றிய பின்பே எடுத்து வைக்கவும்.
• எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றவும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டவும்.
• தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் வாலைவடிநீர் ஊற்றவும். உரிய மட்டம் வரை நிரப்புவது மின்னேற்றிய பிறகே. அமிலமோ குழாய் நீரோ கூடாது.
• மாதம் ஒருமுறை அளந்து, தேவையெனில் மின்னேற்றவும்.

'சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும்' என்ற நம்பிக்கையையும் விவாதிக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டி மின்கடத்தாப் பொருள். அதன் வழியே மின்னிறக்கம் நிகழாது.

பாதுகாப்பு

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அருகில் நெருப்பு கூடாது. மூடியைத் திறப்பதும் அமிலத்தைக் கையாள்வதும் பெரியவர்கள் வேலை. மாணவர்கள் ஆசிரியர் முன்னிலையில் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கட்டும்.

மதிப்பீடு

பேட்டரியின் மின்னழுத்தம், தேதி, வைத்த இடம் ஆகியவற்றை மாணவர்கள் அட்டவணையாக்கி ஜூன் மாதம் கொண்டுவர வேண்டும். கடலில்லாத ஊர்களில், கோடை விடுமுறையில் நிற்கும் கார், டிராக்டர், பள்ளி இன்வெர்ட்டர் ஆகியவற்றைக் கொண்டு இதே பாடத்தை நடத்தலாம். சூத்திரம் வீட்டுச் செலவைக் குறைக்கும் என்று கண்ட மாணவர் அதை எளிதில் மறப்பதில்லை.