பள்ளிக்கூடத் தாளில் 17 வந்தால்...

போன மாதக் கூட்டத்துக்கு ஒரு அக்கா மடித்த தாளோடு வந்தாங்க. "40க்கு 17தான். பையன் ஃபெயிலா?" என்று அழுகை. முந்தின ராத்திரி அவனுக்கு அடியும் விழுந்திருக்கு.

இது பரீட்சை மார்க் இல்லை சகோதரிகளே. இங்கிலாந்து மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997ல் வெளியிட்ட கேள்வித்தாள். மொத்தம் 25 கேள்வி. மனக்கவலை, கோபம்-அடம், துறுதுறுப்பு, சிநேகிதம் நான்குக்கும் பத்துப் பத்து, கூட்டினால் 40. இதில் எண் ஏறினால் சிரமம் அதிகம். பிறருக்கு உதவும் குணம் தனிக் கணக்கு, அங்கே ஏறினால் நல்லது. டீச்சர் நிரப்பிய தாளில் 11 வரை சாதாரணம், 15 வரை கவனிக்கணும், 16லிருந்து டாக்டரிடம் விசாரிக்கணும். நோய் இருக்கு என்று அந்தத் தாள் சொல்லாது.

நாங்கள் மொத்தத்தை விட்டுட்டு உள்ளே பார்த்தோம். மனக்கவலையில் மட்டும் 8! மற்ற மூன்றிலும் மும்மூன்று. அப்பா வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து அடிக்கடி வயிற்றுவலி என்பானாம். அந்தக் கேள்வியும் தாளில் இருக்கு. நடிக்கிறான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

பெற்றோர் நிரப்பவும் தனித் தாள் உண்டு, கேட்டு வாங்குங்க. டீச்சரிடம் தனியாப் பேசுங்க, பிள்ளை முன்னால் வேண்டாம். யோசனை கேட்க டெலி மானஸ் 14416; காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். அந்த அக்கா கூட்டம் முடியுமுன்னே எங்கள் போனில் கூப்பிட்டுட்டாங்க.