சருகுக்கு எந்தப் பூஞ்சை?

அம்பத்தூரில் புதூர், ஒரகடம், கொரட்டூர் பக்கம் தனி வீடுகளும் தென்னையும் வேம்பும் இன்னும் மிச்சமிருக்கின்றன. அங்கே மட்கு உரம் போட நினைத்து இடுபொருள் கடைக்குப் போனால் டிரைக்கோடெர்மா, வேஸ்ட் டிகம்போசர், காளான் வித்து என்று ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். முதலில் உங்கள் வீட்டுக் குப்பையைக் கிளறிப் பாருங்கள்.

காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான் என்றால் எதையும் வாங்க வேண்டாம். பழைய மட்கு உரம் இரண்டு கை, கொஞ்சம் சாணிக் கரைசல், மேலே சருகு. அவ்வளவுதான்.

சருகு, காகிதம், அட்டை அதிகமென்றால் டிரைக்கோடெர்மா விரிடி. மண்ணில் இயல்பாகவே வாழும் இந்தப் பூஞ்சை மூன்று வகை நொதிகளைச் சுரக்கிறது. ஒன்று செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும்; ஒன்று நுனியிலிருந்து நறுக்கிக்கொண்டு வரும்; மூன்றாவது அந்தத் துணுக்குகளைக் குளுக்கோஸாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணியை அரித்தது இதன் உறவான டிரைக்கோடெர்மா ரீசி. இன்று ஆலைகளுக்கு வேண்டிய செல்லுலேஸை அதைக் கொண்டே தயாரிக்கிறார்கள்! பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். குவியல் கொதிக்கிற நேரத்தில் தூவினால் பூஞ்சை செத்துவிடும், சூடு தணியட்டும்.

தேங்காய் மட்டை, நார்க்கழிவு, மரத்தூளில் டிரைக்கோடெர்மா திணறும். அங்கே செல்லுலோஸை லிக்னின் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதைக் கரைக்கும் நொதிகள் சிப்பிக்காளானிடம் உண்டு. 1 டன் நார்க்கழிவுக்கு 5 புட்டி காளான் வித்து, 5 கிலோ யூரியா என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. வீட்டுக்கு அதில் கடுகளவு போதும். டிரைக்கோடெர்மாவையும் காளான் வித்தையும் ஒரே தொட்டியில் போட்டுவிடாதீர்கள். காளான் வளர்ப்பவர்கள் அஞ்சும் பச்சைப் பூசணமே டிரைக்கோடெர்மாதான்.

வேஸ்ட் டிகம்போசர் மாட்டுச் சாணத்திலிருந்து பிரித்த நுண்ணுயிர்க் கலவை. காஸியாபாத்தின் மத்திய அரசு மையம் புட்டி 20 ரூபாய்க்குக் கொடுத்தது. 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ வெல்லம் என்ற அளவு வயலுக்கானது. மாடி வீட்டில் டிரம்மை எங்கே வைப்பது? தெருவே சேர்ந்து செய்தால் அதைவிட மலிவு வேறில்லை.

தனி வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் டிரைக்கோடெர்மா வாங்கட்டும். தேங்காய் மட்டையை மட்டும் தனியே ஒதுக்கி வைக்கட்டும்.