பயிற்சியாளரின் நடுவுநிலைமை

கல்லூரி விளையாட்டில் பயிற்சியாளர் என்பார் ஆட்ட நுணுக்கங்களை மட்டும் கற்பிப்பவர் அல்லர். இளமைத் துடிப்பும் கைதட்டலின் மயக்கமும் ஒருசேர வாய்த்த மாணவரை நெறிப்படுத்தும் பொறுப்பும் அவருடையதே. அணியின் தலைசிறந்த வீரன் தவறிழைக்கும் நாளில்தான் அப்பொறுப்பு சோதனைக்கு உள்ளாகிறது. கல்லூரி விளையாட்டே பெருஞ்செல்வமும் பெரும்புகழும் ஈட்டும் அமெரிக்க நாட்டில் இச்சோதனையைச் சந்தித்த சிலரை ஈண்டு நோக்குவோம்.

1963 டிசம்பரில் அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தாக்குதலை முன்னின்று நடத்தியவர் ஜோ நேமத். அணியின் கட்டுப்பாட்டை மீறி அவர் மது அருந்தியதாகச் செய்தி எட்டியதும், பயிற்சியாளர் பேர் பிரையன்ட் அவரை அழைத்து நேரே வினவினார், நேமத் மறைக்கவில்லை. துணைப் பயிற்சியாளருள் பலர் தண்டனை சற்றே தளர வேண்டுமென விரும்பினர். பிரையன்ட் இணங்கவில்லை. எஞ்சிய பருவம் முழுமைக்கும் நேமத் விலக்கி வைக்கப்பட்டார். அவரின்றியே 1964 ஜனவரி 1 அன்று சுகர் பவுல் போட்டியில் மிசிசிப்பி அணியை 12-7 என்ற கணக்கில் அலபாமா வென்றது. தண்டனை முடிந்ததும் கதவு திறந்தது. அடுத்த பருவத்தில் நேமத் மீண்டும் ஆடினார். பின்னாளில் பிரையன்டைப் பெருமதிப்புடனேயே நினைவுகூர்ந்தார்.

இனி மற்றொரு நிகழ்வு. 1995 செப்டம்பரில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக வீரர் லாரன்ஸ் பிலிப்ஸ், தம் முன்னாள் தோழியைத் தாக்கிய குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டார். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் அவரை இடைநீக்கம் செய்தார். ஆயினும் ஆறு ஆட்டங்கள் கடந்தபின் மீண்டும் சேர்த்துக்கொண்டார். 1996 ஜனவரியில் ஃபியஸ்டா பவுல் இறுதியில் புளோரிடாவை 62-24 என வீழ்த்தியபோது பிலிப்ஸ் களத்தில் முன்னணியில் நின்றார். இல்லத்தின் அரவணைப்பின்றி வளர்ந்த அவ்விளைஞருக்கு விளையாட்டு ஒன்றே பற்றுக்கோடு, அதனையும் பறித்தால் முற்றும் கெடுவார் என்பது ஆஸ்போர்னின் வாதம். அவ்விரக்கம் பொய்யானது என்று கூற மனம் ஒப்பவில்லை. எனினும் பயிற்சி, படிப்பு, மருத்துவ ஆலோசனை ஆகிய மூன்றையும் வழங்கி, போட்டிகளை மட்டும் அவ்வாண்டு முழுமைக்கும் மறுத்திருக்கலாமே! இரக்கமும் வெற்றி விருப்பமும் ஒரே திசையைக் காட்டும்போது, எது தம்மை நடத்துகிறது என்பதை எவரும் அறிதல் அரிது. தாக்கப்பட்டவளும் அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற மாணவியே. அவளுக்குரிய நீதியை அணியின் தேவை கொண்டு அளப்பது எங்ஙனம் பொருந்தும்? பிலிப்ஸ் பின்னாளில் வேறு வன்செயல்களுக்காக நீண்ட சிறைத்தண்டனை பெற்று, 2016 ஜனவரியில் சிறையிலேயே மாண்டார்.

மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி திருடியபோது, குலப்பெருமை கருதி உஸாமா (ரலி) அவர்கள் வாயிலாகப் பரிந்துரை செய்விக்க முயன்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. எளியோரைத் தண்டித்து மேலோரை விட்டுவிட்டமையே முன்னைச் சமுதாயங்களின் அழிவுக்குக் காரணம் என உணர்த்தினார்கள். விளையாட்டுத் திடலிலும் பரிந்துரைகள் உயர்ந்த வீரர்க்காகவே வருகின்றன. பதிலி வீரனுக்காக எவரும் பேச வருவதில்லை.

தண்டிக்கும் தேவையே நேராவண்ணம் காத்தவர் ஜான் வுடன். 1964 முதல் 1975 வரையான காலத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் கூடைப்பந்து அணிக்குப் பத்து வாகைகளைத் தேடித் தந்தவர். முன்னர் பள்ளியில் இலக்கியம் கற்பித்த மொழியாசிரியர் என்பது நம் துறையினர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி! காலந்தவறாமை, தீச்சொல் தவிர்த்தல், தோழனைப் பழியாமை என அவர் வகுத்த விதிகள் சிலவே. விடுமுறை கழிந்து தாடியுடன் வந்து உரிமை பேசிய பில் வால்டனிடம், அவருடைய துணிவைத் தாம் மதிப்பதாகவும் அணி அவரை இழக்க நேர்வதற்கு வருந்துவதாகவும் அமைதியாகக் கூறினார். வால்டன் உடனே சென்று மழித்து வந்தார். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் எனப் பெயர் பூண்டு உலகறிந்த வீரரும் இவருடைய மாணவரே.

பயிற்சியாளரே வரம்பு மீறினால்? இண்டியானா பல்கலைக்கழகத்திற்கு மூன்று முறை தேசிய வாகை தேடித் தந்த பாப் நைட், பயிற்சியின்போது ஒரு மாணவரின் கழுத்தைப் பற்றிய ஒளிப்படக் காட்சி 2000-இல் வெளியானது. அவருக்கு இறுதி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே பதவி நீக்கமும் செய்யப்பட்டார். பாலியல் வன்செயலுக்காகத் தண்டிக்கப்பட்ட எவரையும் அணிகளில் சேர்ப்பதில்லை என 2017-இல் அதே பல்கலைக்கழகம் விதி வகுத்தது. அம்முடிவு பயிற்சியாளரின் கையில் விடப்படவில்லை.