சிப்புக்குள் காயில் வைக்கும் தங்கச்சிக்கு

பூச்சோங்கில் 2024 ஆகஸ்டில் சிப் வடிவமைப்புப் பூங்காவைத் திறந்தார்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளர்ந்த நம் பெண்கள் பினாங்குக்கு மூட்டை கட்டாமலே இந்த வேலை பார்க்கலாம் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். காயில் லேஅவுட் முதன்முதலாகக் கைக்கு வரும் தங்கச்சிக்கு அக்கா சொல்வதைக் கேள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார். கே.எல். சென்ட்ரலில் கம்யூட்டர் ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. ஆனால் அதன் அதிர்வெண் வெறும் 50 ஹெர்ட்ஸ். காந்தப்புலம் எத்தனை வேகமாக மாறுகிறதோ, அத்தனை மின்னழுத்தம் காயிலில் தூண்டப்படும். சிப்புக்குள் ஓடும் 2 கிகாஹெர்ட்ஸ் கிளாக் அதைவிட 40 மில்லியன் மடங்கு வேகம். இருப்பதோ உன் காயில் உட்கார்ந்திருக்கும் ஆசிலேட்டருக்குச் சில நூறு மைக்ரோமீட்டர் தள்ளி. ரயிலை விடு, கிளாக்கைக் கவனி.

காயிலுக்கு அடியில் கோடுகோடாக வெட்டிய ஷீல்டு போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதே. 1998இல் யூ, வாங் என்ற ஆய்வாளர்கள் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட நல்ல உத்தி அது. ஆனால் அது தடுப்பது மின்புலத்தை. ஷீல்டில் சுழல் மின்னோட்டம் ஓடாமல் காந்தப்புலம் தாண்டிப் போகட்டும் என்றுதான் வெட்டே வைத்திருக்கிறார்கள். காந்த இரைச்சலும் அதே வழியில் உள்ளே வந்துவிடும்.

அதற்கு மருந்து காயிலின் வடிவத்தில் இருக்கிறது. எட்டு மாதிரி சுற்று. இரண்டு வளையத்திலும் மின்னோட்டம் எதிரெதிராகச் சுழலும். வெளியிலிருந்து ஒரே சீராக வரும் புலம் இரண்டிலும் தூண்டும் மின்னழுத்தம் ஒன்றையொன்று கழித்துவிடும். இரைச்சல் மூலம் ஒரு வளையத்துக்கு மட்டும் கிட்டத்தில் இருந்தால் கழியாமல் மிச்சம் நிற்கும். இரண்டுக்கும் சம தூரத்தில் வரும்படி காயிலைத் திருப்பி வை. எட்டு வடிவம் இடமும் கூடுதலாகப் பிடிக்கும், தரக் காரணியும் கொஞ்சம் குறையும். பக்கத்தில் பவர் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் நான் யோசிக்காமல் எட்டைத்தான் எடுப்பேன்.

இடம் இருந்தால் காயிலை இரைச்சல் மூலத்திலிருந்து தள்ளி வை. காயிலின் அளவைவிடத் தூரம் நன்றாக அதிகமானபின், தூரத்தை இரட்டிப்பாக்கினால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். காயிலைச் சுற்றி வரும் கார்ட் ரிங்கை எங்காவது ஓரிடத்தில் வெட்டிவிடு. மூடிய வளையமாக விட்டால் அதில் மின்னோட்டம் சுற்றி இண்டக்டன்ஸைத் தின்னும். சப்ளை கம்பியும் கிரவுண்டும் ஒட்டியே ஓடட்டும். இடையில் விரியும் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு காயில்தான்.

சிமுலேஷனில் காயிலை மட்டும் தனியாக ஓட்டாதே. கார்ட் ரிங், சப்ளை கம்பிகள், பேக்கேஜின் பாண்ட் வயர் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு டேப்-அவுட்டுக்குக் கையெழுத்துப் போடு.